போடி டீச்சர் பதில்கள்: கத்திரி வெயிலுக்கு மலையில் கூடாரம் போடலாமா?

பரீட்சை முடிந்து பள்ளிகள் மூடியதும் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். நண்பர்களோடு மலைக்குப் போகிறோம், கூடாரத்தில் தங்கப் போகிறோம், எங்கே போகலாம், என்ன எடுத்துப்போகலாம் என்றுதான் இந்த முறையும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். போடிநாயக்கனூரில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். சாரணியர் பிள்ளைகளை முகாம்களுக்கு அழைத்துப்போனவளும்கூட. எங்கள் ஊரில் மொட்டை மாடியில் ஏறினாலே மலை தெரியும். அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், ஒரே அலுவலகம். மே இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு ஏலகிரியில் டெண்ட் போட்டுத் தங்க நினைக்கிறோம். அங்கே நாள் முழுக்க ஜில்லென்று இருக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். நம்பலாமா?*
வாசகர், சென்னை

இரவை நம்பலாம், பகலை நம்பாதீர்கள்.

வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. முதலில் தரை சூடாகும், தரைதான் தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் விரியும், விரிய விரியக் குளிரும். சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் எந்த வீடியோவையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். அடிவாரத்து ஊர்களே 350, 400 மீட்டரில் இருக்கின்றன. ஆக, நீங்கள் ஏறுவது 700 மீட்டர் சொச்சம்தான், குறையப்போவது நாலரை டிகிரி. கீழே 40 அடித்தால் மேலே 35-க்கு மேல் இருக்கும். நல்ல மர நிழலும் காற்றும் இருந்தால் தாங்கலாம், ஆனால் அதை ஜில் என்று சொல்ல முடியாது. ஏற்காடு 1,500 மீட்டர், சேலத்தைவிட எட்டு டிகிரி குறையும். கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி, கொடைக்கானல் 2,100, ஊட்டி 2,240. கொடைக்கானலும் ஊட்டியும் கணக்குக்கு மேலேயே குளிரும், ஏனென்றால் மதியத்துக்குள் மேகம் வந்து மூடிவிடும். கொடைக்கானலில் மே மாதத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 20 டிகிரி சொச்சம்தான். மதுரைப் பக்கத்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிமார் 1845-ல் பழனி மலை மேல் ஏறி முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது சும்மா இல்லை. 1870-க்குப் பிறகு சென்னை மாகாண அரசாங்கமே கோடைதோறும் ஊட்டிக்கு மூட்டை கட்டியது.

உங்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, சென்னையிலிருந்து ஏலகிரிதான் வசதி என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் காலையிலேயே போய் இறங்கி உச்சி வெயிலில் கூடாரம் அடிக்காதீர்கள். பிற்பகல் நான்கு மணிவாக்கில் போய்ச் சேருங்கள். மறுநாள் பதினொரு மணிக்குள் கூடாரத்தைப் பிரித்துவிடுங்கள். இடைப்பட்ட நேரம் முழுக்க நல்ல பொழுது.

இன்னொன்று. காற்று குளிர்ந்திருக்கிறது என்பதால் வெயிலும் தணிந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். சூடு தெரியாததால் தொப்பி இல்லாமல் சுற்றிவிட்டு, மாலையில் மூக்கும் பிடரியும் கன்றிப்போய் வருவார்கள். மலைக்குத்தான் தொப்பி அவசியம்.

*கேள்வி: நல்ல அறை கிடைக்கும்போது கூடாரத்தில் ஏன் படுக்க வேண்டும்?*
வாசகி, திருச்சி

மாலை ஆறு மணிக்கு மேல் மலையில் நடப்பது எதுவும் அறைக்குள் இருந்தால் தெரியாது என்பதால். உங்களுக்கு அதில் விருப்பமில்லை என்றால் அறையிலேயே தங்குங்கள் அம்மா. இதில் யாரையும் கட்டாயப்படுத்துவது தவறு. தோழிகள் கூடாரத்தில் இருக்கட்டும், காலைக் காப்பிக்கு நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

*கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். மேகமலைப் பக்கம் பைக்கில் போய், காட்டுக்குள் ஓடைக் கரையில் டெண்ட் அடிக்கத் திட்டம். ஓடை அருகே என்றால் குளிர்ச்சியாக இருக்கும், தண்ணீருக்கும் கவலை இல்லை. அனுமதி எதுவும் வாங்க வேண்டுமா?*
வாசகர், கோவை

தம்பி, அனுமதி வாங்கினால் போகலாம் என்ற வகையில் இதைப் பார்க்காதீர்கள். அந்த இடத்துக்கு அப்படிப் போகவே கூடாது.

மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். காப்பகமானாலும் சரி, காப்புக்காடானாலும் சரி, உங்கள் இஷ்டத்துக்கு நுழைந்து இரவு தங்குவது வனச் சட்டப்படியும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். அபராதத்தைக்கூட விடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். கோடையில் மேலே ஊற்றெல்லாம் வற்றிவிடும். மிச்சமிருக்கும் ஓடைக்குத்தான் சுற்றுவட்டாரத்து யானை, காட்டுமாடு எல்லாம் வந்தாக வேண்டும். அவை பெரும்பாலும் இரவில் வரும், வழக்கமான தடத்திலேயே வரும். அந்தத் தடத்தின் குறுக்கே நைலான் துணியைக் கட்டிக்கொண்டு நீங்கள் படுத்திருப்பீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே ஒரு தங்கும் விடுதியின் கூடார முகாமில் இருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அது தனியார் இடம், ஆட்கள் இருந்த இடம். அங்கேயே அப்படி.

அதே ஓடையில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை பெய்திருக்காது. மேலே எங்கோ பெய்த கோடை மழை அரை மணியில் ஓடையை நிரப்பிக்கொண்டு வந்துவிடும். காய்ந்து கிடக்கும் மணல் திட்டு கூடாரம் போடச் சமமாகத் தெரியும். அதைச் சமமாக்கியதே வெள்ளம்தான்.

சரி, எங்கேதான் போவது? காட்டில் நடக்க வேண்டும் என்றால் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகள், இணையத்தில் பதிவு, உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் நடைகள் அவை. தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரவு கூடாரத்துக்குப் பட்டா நிலத்தில், அதாவது காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் முறையாக நடத்தும் முகாம்களைத் தேடுங்கள். ஏற்காட்டில், ஏலகிரியில், கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கம் அப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும். பணம் கட்டுமுன் நேராகக் கேளுங்கள்: “நிலம் பட்டாவா? இரவு தங்க வைக்க அனுமதி இருக்கிறதா? போன வாரம் யானை வந்ததா?” மூன்றாவது கேள்விக்கு ஒரு நிமிடம் யோசித்துப் பதில் சொல்கிறவர் நம்பத் தகுந்தவர். “யானையா? இங்கேயா? வரவே வராது” என்று சிரிப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கொடைக்கானல், நீலகிரி என்றால் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். கோடை சீசனில் வண்டி எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்கிறார்கள், அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் இருக்கட்டும்.

*கேள்வி: கூடாரம் என்றாலே இரவு நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாடினால்தானே நிறைவு? கவனமாக இருந்தால் தவறில்லை அல்லவா?*
வாசகர், திருப்பூர்

மே மாதத்தில் வேண்டாம். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமையை எங்கள் ஊர்க்காரர்களால் மறக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள், சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும், காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். உங்களைப் போல வார விடுமுறைக்கு நண்பர்களோடு வந்தவர்கள்தான். உங்கள் ஊர் பேருந்தில்கூட அவர்களில் சிலர் ஏறியிருப்பார்கள். குரங்கணி போடியிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். இன்றும் அந்தச் சரிவில் மார்ச் மாதம் புகை தெரிந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் மாடிக்குப் போய்விடுவோம்.

அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்பது புரியும். மேலே மரம் குறைவு, இடுப்பளவு, சில இடத்தில் ஆள் உயரத்துக்கு மாந்தப்புல். அதில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது, கையில் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். ஜனவரியில் காயத் தொடங்கி மார்ச்சில் வைக்கோலாகிவிடும். பகலில் மலைச் சரிவில் காற்று கீழிருந்து மேலே ஏறும். தீயும் அந்தக் காற்றோடு மேல்நோக்கித்தான் பாயும். தனக்கு மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே அனல் அதைக் காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. செங்குத்தான மலையில் எந்த மனிதனும் அதை முந்தி மேலே ஓட முடியாது. ஒரு வேளை நீங்கள் எங்காவது அப்படி மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள், ஓடைப் பள்ளத்துக்குள்ளும் புகாதீர்கள், அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகுங்கள். பாறைத் தளம், வெறும் மண், ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன இடம், இவைதான் புகலிடம். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும். மலைக்குப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

“கவனமாக இருப்போம்” என்கிறீர்கள். நீங்கள் கவனமாக இருப்பீர்கள், காற்று இருக்காது. தீ அணைந்துவிட்டது என்று படுத்த பிறகு சாம்பலுக்கடியில் கங்கு விடியும்வரை உயிரோடு இருக்கும். காலையில் சரிவுக் காற்று கிளம்பும்போது அதிலிருந்து ஒரு பொறி போதும். காப்புக்காட்டிலோ அதன் ஓரத்திலோ தீ மூட்டுவது சட்டப்படியும் தவறு.

பாட்டுக்கு நெருப்பு தேவையில்லை தம்பி. ஒரு டார்ச்சை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய வெள்ளை நிறக் கேனை வையுங்கள். கூடாரத்தின் முன்பக்கம் முழுவதும் மென்மையான வெளிச்சம் பரவும். எங்கள் சாரணியர் பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து நள்ளிரவுவரை பாடியிருக்கிறார்கள். சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு, அதுவும் பாறை அல்லது சிமெண்ட் தளத்தின் மேல், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு.

ஒரு முக்கியமான விஷயம். குளிருக்குக் கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ கூடாரத்துக்குள், அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

*கேள்வி: நாங்கள் ஐந்து தோழிகள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். போன வருடம் ஒரு மலைத் தோட்டத்தில் கூடாரத்தில் தங்கினோம். இரவெல்லாம் குளிரில் நடுங்கினோம், காலை ஏழு மணிக்குள் உள்ளே இருக்க முடியாத அளவு புழுக்கம். உள்ளே தண்ணீர் வேறு சொட்டியது. எங்கே பிசகு?*
வாசகி, சேலம்

ஐந்து பேரும் மறுபடி போகத் தயாராக இருக்கிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் பெரும்பாலும் இடத் தேர்வுதான் காரணம்.

குளிர்ந்த காற்று கனமானது. சூரியன் மறைந்ததும் சரிவிலிருந்து வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலையில் இதை நீங்களே பார்க்கலாம். ஒரு மரக்கிளையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பகல் முழுவதும் அது மேட்டுப் பக்கம் சாய்ந்து ஆடும். சூரியன் இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் அசையாமல் நேராகத் தொங்கும். அந்த நேரத்தில் மலையே மூச்சை அடக்கிக்கொண்டது போல ஓர் அமைதி. அப்புறம் மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் சாயத் தொடங்கும், கணுக்காலில் குளிர் தெரியும். பிள்ளைகளுக்கு நான் மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னதைவிட அந்த நூல் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. ஆகவே பள்ளத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள், குளிரும் ஈரமும் அங்கேதான் சேரும். உச்சியிலும் வேண்டாம், காற்றும் இடியும் அங்கே. அடியிலிருந்து ஒரு பனைமர உயரம் மேலே, சரிவில் கிடைக்கும் சமமான திட்டு நல்லது.

காலைப் புழுக்கத்துக்கு ஒரே வழி, கிழக்கே நிழல் இருக்க வேண்டும். நீங்கள் மாலையில் போய் மேற்கு நிழலைப் பார்த்துக் கூடாரம் போட்டிருப்பீர்கள். அந்த நிழல் காலையில் உதவாது. கிழக்குப் பக்கம் மரவரிசையோ மேடோ இருந்தால் எட்டரை, ஒன்பது மணிவரை தூங்கலாம். ஆனால் தைல மரத்தடியில் மட்டும் வேண்டாம், காற்றே இல்லாத நாளிலும் அதன் கிளை முறிந்து விழும்.

சொட்டிய தண்ணீர் மழையில்லை, உங்கள் ஐந்து பேரின் மூச்சுக்காற்று. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் மூச்சில் இருக்கும் ஈரம் துணியில் பட்டு நீராகும். இரண்டு பக்கமும் மேலே ஒரு சாண் திறந்து, வலையை மட்டும் மூடி வையுங்கள். குளிர் அதனால் பெரிதாகக் கூடிவிடாது, ஏனென்றால் உங்களை நடுங்க வைத்தது பெரும்பாலும் தரைதான். உடம்பு அழுத்திப் படுக்கும் இடத்தில் சூடு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, கீழே ஒரு நுரை விரிப்பும் அதன்மேல் ஜமுக்காளமும் போடுவது பலன் தரும். நடந்து வியர்த்த உள்ளாடையோடு படுக்கக் கூடாது, காய்ந்த பருத்தித் துணிக்கு மாறிவிடுங்கள். காலுறை, காதை மூடும் குல்லா, படுக்குமுன் சூடாக ஒரு டம்ளர் சுக்கு மல்லிக் காப்பி. முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நடுவில் இடம் கொடுங்கள், ஓரத்தில்தான் குளிர் அதிகம்.

*கேள்வி: மலையில் சோறு வேகவே மாட்டேன் என்கிறதே, ஏன்? கூடார முகாமுக்கு என்ன சமைக்கலாம்?*
வாசகர், தஞ்சாவூர்

தண்ணீர் கொதிக்கும் சூடே குறைவு என்பதால். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அரிசி பாதியில் நிற்கும். பருப்பு இன்னும் மோசம். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது, கேஸும் மிச்சம். ஓடைத் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ குடிப்பதானால் அந்த உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும்.

குக்கர் இல்லையென்றால் சோற்றை மறந்துவிடுங்கள். முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே கட்டுச்சோறு: புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. இரண்டும் வெயிலுக்குக் கெடாது. தயிர்சாதம் பயணத்தில் புளித்துவிடும், ஏறும் வழியில் மதியமே சாப்பிட்டுவிட வேண்டும். இரவுக்கு வறுத்த ரவை, கடுகு தாளித்துக் கடலையும் காய்ந்த மிளகாயும் சேர்த்து வீட்டிலேயே தயாராக்கிய பொட்டலம். கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறினால் ஐந்து நிமிடத்தில் உப்புமா. காலைக்கு அவல், வெல்லம், தேங்காய்த் துருவல், அடுப்பே தேவையில்லை. இடையிடையே கடலை மிட்டாய், பேரீச்சை. மீந்ததை வெளியே கொட்டாதீர்கள், எல்லாம் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். வாசனைக்குக் குரங்கு வரும், பன்றி வரும், பன்றியைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

*கேள்வி: கோடையில் மலையில் இடி மின்னல் வந்தால் கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பா?*
வாசகர், திண்டுக்கல்

இல்லை. துணிக் கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது, கம்பி ஊன்றிய கூடாரம் என்றால் ஆபத்து கூடுதல். ஏப்ரல், மே மாதத்தில் மலையில் காலை வானம் கழுவிவிட்டது போல் தெளிவாக இருக்கும். பதினொரு மணிக்கு வெள்ளை மேகம் குவியத் தொடங்கும், இரண்டு மணிக்குள் அடி கறுத்துவிடும். அதனால்தான் முகடுகளில் நடக்கும் வேலையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்கிறோம். மின்னலைப் பார்த்து, இடி கேட்கும்வரை எண்ணுங்கள். முப்பது வினாடிக்குள் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்கோ, இரும்புக் கூரை உள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே வர வேண்டாம். எதுவும் அருகில் இல்லையென்றால் முகட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் நிற்காதீர்கள், ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்காமல் பிரிந்து, பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். தரையில் படுக்கக் கூடாது.

*கேள்வி: அட்டைக் கடிக்கு என்ன எடுத்துப்போக வேண்டும்?*
வாசகி, நாகர்கோவில்

உப்பு போதும். மழை தொடங்கும்வரை அட்டை அதிகம் இருக்காது. கடித்தாலும் ரத்தம் போகுமே தவிர பெரிய கெடுதல் இல்லை. கோடையில் நீங்கள் பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும், தமிழ்நாட்டில் அது புதிதல்ல. புல்லில் நேராக உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப் போடாதீர்கள், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் தேய்த்துக் குளித்துத் துணிகளை வெந்நீரில் துவையுங்கள். வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் வலியில்லாத சின்னக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் “மலைக்குப் போய் வந்தேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

*கேள்வி: என் மகள் கல்லூரித் தோழிகளோடு கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்ட முகாமுக்குப் போகக் கேட்கிறாள். பெண் பிள்ளைகள் மட்டும். அவள் அப்பா சம்மதித்துவிட்டார், எனக்குத்தான் மனம் வரவில்லை. என்ன செய்வது?*
வாசகி, மதுரை

அனுப்புங்கள் அம்மா. பயப்படுவது தவறில்லை, ஆனால் அந்தப் பயத்தை வேலையாக மாற்றுங்கள். முகாம் நடத்துபவரிடம் நீங்களே பேசுங்கள். இரவு அங்கே பெண் பணியாளர் யாராவது தங்குவார்களா, கழிப்பறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் இருக்கிறதா, போகும் வழியில் விளக்கு உண்டா, செல்போனுக்குச் சிக்னல் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். போகும் வழி, தங்கும் இடம், வண்டி எண், திரும்பும் நேரம் எல்லாம் எழுதிய ஒரு தாள் வீட்டில் இருக்கட்டும். ஆளுக்கொரு விசில். மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள் என்பதை எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். நடக்கும்போது மெதுவாக நடக்கும் பெண்ணை முன்னால் விடச் சொல்லுங்கள். வேகமாக நடப்பவள் முன்னால் போனால் குழு சிதறிவிடும், கடைசியில் வருபவளுக்கு மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, முகாம் பற்றி எழுதுபவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. வெளியூர் போனால் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பிடம் எப்படி இருக்குமோ என்று காலையிலிருந்தே வாயை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முகாமில் மதியம் மூன்று மணிக்கு ஒரு பிள்ளை ஓரமாக உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கேட்டால் “வெயில் டீச்சர்” என்று சொல்லும். பையிலிருக்கும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் காலையில் நிரப்பியது கழுத்து இறங்காமல் இருக்கும். உதடு வெடித்திருக்கும். மலைக் குளிரில் தாகம் தெரியாது என்பதால் கீழே இருப்பதைவிட மேலே இது மோசம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் எழுந்து ஓடும். தலை சுற்றி உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ நிழலில் கிடத்தி, துணியை ஈரமாக்கி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்டோம். அதனால் முகாமுக்குப் போனதும் கூடாரம் அடிப்பதற்கு முன்பே கழிப்பிடத்தைச் சரிசெய்துவிடுவோம். இருப்பதைக் கழுவுவது, தாழ்ப்பாள் இல்லையென்றால் கயிறு கட்டுவது, வாளி, குவளை, சோப்பு வைப்பது, மாதவிடாய் அணையாடையைச் சுற்றிப்போடப் பழைய செய்தித்தாளும் மூடியுள்ள டப்பாவும் வைப்பது, இருட்டுவதற்குள் ஒரு விளக்கு தொங்கவிடுவது. கழிப்பறையே இல்லாத இடம் என்றால் தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, நான்கு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிவிடுவோம், மண் தள்ளி மூட ஒரு கரண்டியும் இருக்கும். உங்கள் மகள் பையிலும் ஒரு பழைய சேலையும் பத்தடிக் கயிறும் வைத்து அனுப்புங்கள்.